சுவரில் இல்லாத பெயர்

விரல் வைத்து இரண்டு வரிசை படித்தாயிற்று. மூன்றாவது வரிசை அந்தப் பெண்ணுக்கு எட்டவில்லை.

கோயிலின் பின்மதில் அது. ஒவ்வொரு மாடக்குழியிலும் ஒருவருடைய சாம்பல். அதை மூடிய கல்லில் பெயர். சிலவற்றில் மட்டும் வெயிலில் வெளுத்த புகைப்படம்.

கோயில் பெருக்கும் லம்துவன் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். அந்தப் பெண் பாங்காக் ரயிலில் வந்து, படகில் ஆற்றைக் கடந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அயுத்தயாவுக்கு வருகிறவர்கள் இடிந்த கோபுரங்களைச் சுற்றிவிட்டு, பஞ்சுமிட்டாய் ரொட்டி வாங்கிக்கொண்டு மாலை வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். இந்த மதில் பக்கம் யாரும் வருவதில்லை.

"யாரத் தேடறம்மா?"

"கோப்புன்னு ஒருத்தி, பெரியம்மா. தையல் ஃபேக்டரியில எனக்குப் பக்கத்து மெஷின். உடம்பு சரியில்லன்னு ஊருக்கு வந்தா. செத்துட்டா, இந்தக் கோயில்லதான் வச்சிருக்காங்கன்னு சூப்பர்வைசர் சொல்றான். நான் நம்பல."

லம்துவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"கோப்புன்னா தவளை, வீட்டுல கூப்பிடற செல்லப் பேரு. இந்த ஊர்ல தெருவுக்கு நாலு தவளை இருக்கு. கல்லுல நிஜப் பேருதான் இருக்கும்."

"தெரியும். ஃபேக்டரி அட்டையில பாத்திருக்கேன். வன்னபா."

"குடும்பப் பேரு?"

"அதையெல்லாம் யாரு கேட்டு வச்சுக்கறா?"

லம்துவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஒவ்வொரு கல்லிலும் விரலை வைத்து, உதடு அசைய வாசித்தாள். இன்னொரு கையில் மல்லிகைச் சரம் வாடிக்கொண்டிருந்தது.

வன்னி. வாசனா. வரபோன்.

'வ'வில் தொடங்கிய ஒவ்வொரு கல்லிலும் அவள் விரல் நின்று நகர்ந்தது.

முடித்ததும் தன் கண்ணையே நம்பாமல் இறங்கி, முதல் வரிசையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.

வன்னபா எங்கேயும் இல்லை.

வாளியின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

"நாசமாப் போனவ. நம்பரை மாத்திட்டு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. எவனையாவது கட்டிக்கிட்டு, வயித்தத் தள்ளிக்கிட்டு உக்காந்திருப்பா. நான் ஒரு வருஷமா சோறு எறங்காமக் கெடக்கேன்."

லம்துவன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அந்தப் பெண் மூக்கைச் சிந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வந்தபோது இருந்த முகம் இல்லை அது.

"இருப்பாம்மா," என்றாள் லம்துவன். "எங்கயாவது நல்லா இருப்பா."

"பாத்தீங்கன்னா நான் வந்திருந்தேன்னு சொல்லுங்க. நோக்குன்னு சொன்னாத் தெரியும். கையில கெடச்சா நாலு அறை இருக்குன்னும் சொல்லுங்க."

"சொல்றேன்."

மல்லிகைச் சரத்தை முற்றத்துப் புத்தரின் மடியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் படகுத்துறைக்கு ஓடினாள் நோக். வண்டிக்கு நேரமாகிவிட்டது. படகு நகர்ந்த பிறகும் நின்றுகொண்டே கையசைத்தாள்.

லம்துவன் படகு அக்கரை சேரும்வரை பார்த்துவிட்டு மதிலுக்குத் திரும்பினாள். இரண்டாம் வரிசையில் ஒரு கல்லின் முன் குனிந்தாள்.

அதில் படம் இல்லை. ஜிரனான் என்று மட்டும் இருந்தது. நெடுநாள் மகிழ்ச்சி என்று பொருள்.

காய்ச்சல் விடாமல் அடித்த மாதத்தில் கோயில் பிக்குவைக் கேட்டு, மாவட்ட அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து மாற்றிய பெயர். பழைய பெயரோடு பீடையும் போய்விடும் என்றார்கள். புதுப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நோக்கின் விரல் இரண்டு தடவையும் அந்தக் கல்லைத் தொட்டுத்தான் போயிருந்தது.

லம்துவன் அதே இடத்தில் கையை வைத்தாள்.

"நோக்கு வந்துட்டுப் போறாடி," என்றாள் மகளிடம். "நீ எங்கயோ நல்லா இருக்கியாம். சிரிச்சுக்கிட்டே போறா."