ஒன்றேகால் நூல்

"கையை எடும்மா! அது என் உலக்கை!"

முதுகுக்குப் பின்னால் வந்த குரலில் மார்லிஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். கூடாரத்தின் பின்பக்கத் துணியை விலக்கிக்கொண்டு வெர்லின் ஹாப்ட் நின்றிருந்தார். வயது எழுபத்து நான்கு. முன்வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் வருவதெல்லாம் அவருக்கு ஆகாது. பெயரை வாங்கி என்ன செய்வார்களோ, யார் கண்டது? வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து குறுக்கே புகுந்துவிட்டார்.

வீட்டுக் கொட்டகையில் உலை வைத்து உலோகம் வார்க்கிறவர்கள் அயோவாவில் வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிற மைதானம் அது. மார்லிஸின் மேஜை மேல் ஒரு அடி நீளத்துக்கு அலுமினிய உலக்கை ஒன்று கிடந்தது. அச்சுப் பெட்டியில் மணலை இடித்துக் கெட்டிப்படுத்துகிற கருவி. பழைய பிஸ்டன்களை உருக்கி வெர்லின் தன் கையால் செய்து, பதினோரு வருஷமாக வைத்திருக்கும் உலக்கைக்கு அது அப்படியே இரட்டைப் பிள்ளை.

"இது நான் வார்த்தது சார்," என்றாள் மார்லிஸ். அந்த வார்ப்புக்காரர்கள் சங்கத்தில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவள் அவள்.

"வார்த்தது நீதான். எதை வெச்சு வார்த்தே? போன வருஷம் என் உலக்கையை இங்க மறந்துட்டுப் போனேன். ஒரு வாரம் கழிச்சுத்தான் தபால்ல வந்துச்சு. அந்த ஒரு வாரம் யார் வீட்ல இருந்துச்சு?"

"என் வீட்லதான். ஆனா சார், நான் எதுக்காக அதை..."

"அப்படி வா வழிக்கு!"

மேஜைக்கு முன்னால் இருபது பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு காகிதம், பென்சில். சத்தம் கேட்டதும் இன்னும் நெருங்கி வந்தார்கள். சாட்சிக்கு ஆள் இருந்தது வெர்லினுக்குப் பிடித்துப்போயிற்று. பையிலிருந்து தன் உலக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"எல்லாரும் நல்லாப் பாருங்க. கழுத்துல இந்தக் குழி. என்னோடதுலயும் அதே இடத்துல அதே குழி. இது என் கைரேகை மாதிரி. மறைக்க முடியுமா?"

கூட்டம் குனிந்து பார்த்தது. அவசரமாக எழுதிக்கொண்டது.

"எழுதுங்க, எழுதுங்க! அச்சோட ரெண்டு பாதியும் சேருற இடத்துல அரை நூல் விலகிப் படி மாதிரி நிக்குதா? அடியில முடி மாதிரி ஒரு கோடு ஓடுதா? தலை பூரா ஊசி குத்தின மாதிரிப் பொத்தலா? எல்லாம் நம்ம சரக்கு!"

சிவப்புத் தொப்பி போட்ட பெண் ஒருத்தி கை தூக்கினாள். "ஐயா, நாலு ஆச்சு. அஞ்சாவதா ஏதாச்சும் இருக்கா?"

விவரமான பெண் என்று நினைத்துக்கொண்டார். "ஏன் இல்லாம? கைப்பிடியைக் கண்ணுக்கு நேராப் பிடிச்சுப் பாரும்மா. இடது பக்கம் கோணிக்கிட்டுப் போகும்."

"அட, ஆமா! ரொம்ப நன்றிங்க ஐயா!"

மார்லிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "சார், போதும். நான் ஒத்துக்கறேன்."

"நீ ஒத்துக்கிட்டா ஆச்சா? அளந்து காட்டறேன். அங்குலத்துக்கு எட்டு நூல். உருக்கின அலுமினியம் ஆறும்போது அடிக்கு ஒன்னேகால் நூல் சுருங்கும். என்னோடது சரியா ஒரு அடி. இந்தம்மாவோடது எவ்வளவு, நீயே சொல்லு." இரும்பு ஸ்கேலைச் சிவப்புத் தொப்பியிடம் நீட்டினார்.

அவள் இரண்டு முறை வைத்துப் பார்த்தாள். "ஒன்னேகால் நூல் கம்மி!"

"கேட்டுக்குங்க! எது தாய், எது பிள்ளை?"

எல்லோரும் கை தட்டினார்கள். வெர்லினுக்குக் காது சிவந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். முப்பத்தெட்டு வருஷம் கல்குவாரி லாரி ஓட்டியவர். அவர் செய்த எதையும் இதுவரை ஒருத்தரும் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை. இன்றைக்கு, ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறவள் அவருடையதைக் காப்பியடித்திருக்கிறாள்!

"இப்ப என் பேரை எழுதி மாட்டு," என்றார்.

"சார், உங்க நல்லதுக்குத்தான் பேர் போடாம விட்டேன்."

"என் நல்லதை நான் பாத்துக்கறேன். பெரிய எழுத்துல போடு. ஊர்ப் பேரோட."

"நிச்சயமாவா சார்?"

"எழுத்து சின்னதா இருந்தா வண்டியிலேர்ந்து பெயிண்ட் டப்பாவோட வருவேன், பாத்துக்க."

மார்லிஸ் ஒரு அட்டையில் எழுதினாள். முன்பக்கம் போய், ஸ்டூலில் ஏறி, கூட்டத்தைப் பார்த்துத் தொங்கிய பலகையில் ஒட்டினாள். பின்னால் நின்ற வெர்லினுக்குப் பலகையின் முதுகுதான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, இரண்டு கையிலும் எலுமிச்சை ஜூஸோடு முன்பக்கமாக வந்து சேர்ந்தாள் அவர் மனைவி நடீன். "என்ன கிழவா, இங்கயும் சண்டையா?"

"சண்டை இல்லடி, மரியாதை! ஒரு போட்டோ எடு. பலகையும் என் பேரும் தெளிவா விழணும்."

நடீன் நிமிர்ந்து பலகையைப் படித்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். "கட்டாயம் எடுக்கணுமா?"

"எடுன்னா எடேன்!"

தோளுக்கொரு உலக்கையாகச் சாத்திக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திப் பலகைக்குக் கீழே நின்றார். நடீன் எடுத்தாள். போனை அவரிடம் கொடுத்துவிட்டு ஜூஸை உறிஞ்ச ஆரம்பித்தாள்.

வெர்லின் முதலில் தன் முகத்தைப் பார்த்தார். பரவாயில்லை, ராஜா மாதிரிதான் இருந்தது. விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெயரைப் பார்த்தார். 'செய்தவர்: வெர்லின் ஹாப்ட், கோல்வின் ஊர்.' ஒரு எழுத்துப் பிழையில்லை.

அதற்கு மேலே அதைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது: 'புதியவர்களுக்குப் போட்டி! ஒரு உலக்கை வார்க்கும்போது செய்யவே கூடாத ஐந்து தவறுகளும் இந்த ஒரே உலக்கையில் இருக்கின்றன. கண்டுபிடியுங்கள்!'