பேச்சியம்மாள் வண்டியின் சத்தம்

“நல்லா சத்தமா வைலே செல்லதுரை! தெருக்கோடி வீட்டுல தாளிச்சுக்கிட்டு நிக்கவளுக்கும் கேக்கணும்!”

ஆம்னி வேனின் முன்சீட்டில் உட்கார்ந்தபடியே துள்ளினாள் பேச்சியம்மாள். ஐம்பத்தைந்து வயது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வண்டிக்கு வயது இருபத்து மூன்று. பின்சீட்டைக் கழற்றிவிட்டு, காய்கறி ஏற்றி, கொச்சியில் மட்டாஞ்சேரியிலிருந்து சுள்ளிக்கல் வரை சந்து சந்தாக அவளே ஓட்டிப் போய் விற்கிறாள். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் ஒரு ரேடியோகூட இருந்ததில்லை. இன்று ஒரேயடியாகப் புது ஸ்டீரியோ, மைக், ஆம்ப்ளிஃபயர், கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர்!

வண்டிகளுக்கு ஸ்டீரியோ மாட்டும் கடை வைத்திருக்கிற செல்லதுரைக்கும் காலையிலிருந்து கை பரபரத்தது. பழைய வண்டியில் பாட்டுப்பெட்டி மாட்டுவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். எலி கடித்த வயரையெல்லாம் உருவிப் போட்டான். பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்தான். டேஷ்போர்டில் ஸ்டீரியோவுக்கு இடம் பற்றவில்லை. அரை மணி நேரம் அரம் போட்டு ராவி, உள்ளே உட்கார வைத்துவிட்டான்.

சாவியைத் திருப்பினாள். நீல விளக்கு எரிந்தது.

“மைக்குல பேசுங்கக்கா.”

“என்னன்னு பேச?”

அவ்வளவுதான். ‘என்னன்னு பேச’ என்று தெருவே அதிர்ந்தது. எதிர் குடோன் சுவரில் முட்டித் திரும்பி வந்த தன் குரலைக் கேட்டுப் பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அடிபொளி!” என்று பக்கத்துச் சாயாக்கடைச் சேட்டன் கட்டைவிரலை உயர்த்தினார்.

சந்தோஷத்தோடு சந்தோஷமாக, காலையிலிருந்து மனசில் உறுத்தியதைச் செல்லதுரை கேட்டுவிட்டான்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. சங்கரலிங்கம் அண்ணாச்சியும் நீங்க போற தெருவுலதான தள்ளுவண்டி தள்ளுதாரு?”

“ஆமா.”

“தொண்டை ஆபரேஷன்ல அவருக்குக் குரலே போயிட்டு. இப்ப கைமணியை ஆட்டிக்கிட்டுதான் கீரை விக்காரு. தெரியும்லா?”

“தெரியாம என்ன? அதனாலதான இப்பவே மாட்டணும்னு ஒத்தைக்கால்ல நிக்கேன்!”

சொல்லிவிட்டு, அவனுக்குச் சாயா வாங்க இறங்கிப் போனாள்.

செல்லதுரைக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷமாக இரண்டு பேரும் அந்தத் தெருக்களில் போட்டி போட்டுக் கூவியவர்கள். அவருக்குக் குரல் போன நேரம் பார்த்து இவள் கூரைமேல் குழாய் கட்டுகிறாள். இனி அந்த மனுஷனின் மணிச்சத்தம் யார் காதில் விழும்? இப்படியும் ஒரு பொம்பளையா?

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு உண்டு. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஸ்க்ரூடிரைவரை விட்டு அதைப் பாதிக்கு மேல் பின்னால் திருப்பினான்.

சாயா வந்தது. ஒன்றும் தெரியாதவன்போல ஊதி ஊதிக் குடித்தான். ஒரு நல்ல காரியம் செய்தவனுக்கு இருக்கிற நிம்மதி அவனுக்கு இருந்தது.

“நல்லா இரு தம்பி!” என்று வாழ்த்திவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே போனாள் பேச்சியம்மாள்.

மறுநாள் காலை அவனுக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. என்ன இருந்தாலும் தன் கைவேலை. தெருவில் எப்படிப் பேசுகிறது என்று பார்க்க வேண்டாமா? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சுள்ளிக்கல்லுக்கு விட்டான்.

மூன்றாவது சந்தில் ஆம்னி நின்றது. உள்ளே பேச்சியம்மாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்கப் பேசிக்கொண்டிருந்தாள். கூரைக் குழாயிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல முனகல்தான் வந்தது. ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

செல்லதுரைக்கு உள்ளூரச் சிரிப்பு.

பத்தடி பின்னால் சங்கரலிங்கத்தின் தள்ளுவண்டி. கீரைக்கட்டுகள் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு, மணியை ஆட்டி ஆட்டி வீடு வீடாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மாள் கதவைத் திறந்து எட்டி, கூரையைப் படபடவென்று தட்டினாள்.

“நேத்து அந்தக் கத்து கத்துன! இன்னைக்கு என்ன கேடு உனக்கு?”

மறுபடியும் மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். செல்லதுரை ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஆம்னிக்குப் பக்கத்தில் போனான். அங்கே நின்றபோதுதான் அவள் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் காதில் விழுந்தது.

“சேச்சிமாரே! தக்காளி, உள்ளி, வெண்டைக்கா எல்லாம் வந்திருக்கு. கீரை மட்டும் இனிமே என்கிட்ட கிடையாது. பின்னால மணியடிச்சுக்கிட்டு வாறது சங்கரலிங்கம் அண்ணாச்சி. கீரைக்கு அவர்கிட்ட போங்க. அண்ணாச்சியால கூப்பிட முடியாது சேச்சி, அதான் அவருக்கும் சேர்த்து நான் கூப்பிடுதேன்!”

செல்லதுரை ஸ்கூட்டருக்கு ஓடி, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, சந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு வந்தான்.

“அக்கா, வண்டியை எடுத்துராதீங்க! சத்தம் பத்தல!”