சுவரைத் தட்டும் ராசம்மாக்கா

"ராசம்மாக்கா கண்ணை மூடினாத்தான்டா என் பாட்டு வெளிய வரும்" என்றான் விஜிதரன், கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக.

தலவாக்கலையில் போன் திருத்தும் பாஹிமின் கையில் ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது.

"காலங்காத்தால என்ன பேச்சு இது? பக்கத்துக் காம்பராவுல இருக்கிற மனுசி."

"பக்கத்துக் காம்பராவுல இருக்கிறதுதான் பிரச்சினையே. நீ அந்த மிக்சரை எடு."

கலைந்துபோன கல்யாண பேண்ட் கோஷ்டி ஒன்று விற்றுவிட்டுப் போன மிக்சர் அது. எட்டு மைக் மாட்டலாம். குமிழ்கள் மட்டும் நாற்பது. ரெண்டு மாசமாகப் பொண்ணு பார்க்க வந்தவன் போலவே அதைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான் விஜிதரன்.

"பாடுறது ஒத்த வாயி. எட்டு மைக் எதுக்குடா? என் லெப்டொப்புல ஒரு சொப்ட்வெயார் இருக்கு. அதுல ஏத்தி, புடிக்காததை வெட்டி எறிஞ்சிரலாம்."

"மிக்சர்னா கையோட வேலை முடியும். அவ செவுத்தைத் தட்டுறப்ப டக்குனு குமிழைத் திருகி இறக்கிப்புடுவேன்."

"இறக்குனா ஒன் கொரலும் சேர்ந்துதான் இறங்கும். அதுல கலந்தது கலந்ததுதான். பால் ஊத்துன தேத்தண்ணியில இருந்து பாலைத் திருப்பி எடுப்பியா?"

விஜிதரன் எழுந்து நின்றான். இல்லாத முந்தானையை இடுப்பில் செருகினான். குரலைக் கட்டையாக்கினான்.

"'நாளெல்லாம் மலையில கொழுந்து எடுத்துட்டு வந்து செத்த கண் அசர விடுறானா? கழுதைக்குப் பாட்டு கேக்குதாம்ல பாட்டு?'"

பாஹிம் சிரித்துவிட்டான். "அச்சு அசல் ராசம்மாக்கா. நெசமா அப்படிச் சொன்னிச்சா?"

"சொல்லல. செவுத்தைத் தட்டுறாளே, அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு காம்பரா லயம்; ஒரே தகரக் கூரைக்குக் கீழே சுவரோடு சுவர் ஒட்டிய ஒற்றை அறை வீடுகள். விஜிதரனுடையது கடைசி. அதற்கு முந்தியது ராசம்மாக்காவுடையது.

"மத்த பத்து வீட்டுக்காரங்களும் தங்கம் மச்சான். நான் பாட ஆரம்பிச்சா ஒரு இருமல் சத்தம் வராது. இவ ஒருத்திதான். மொத வரியைத் தொட்டதும் டொக், டொக், டொக். நாலு தடவ போன்ல பாடிப் பதிஞ்சிட்டேன். நாலு தடவையும்."

வானொலிக்குப் புதுக் குரல் தேடுகிறார்கள். இருபத்தைந்து வயசு வரைக்கும்தான். விஜிதரனுக்கு அடுத்த மாதம் இருபத்தாறு. வெள்ளிக்கிழமைக்குள் பாட்டு கொழும்புக்குப் போயாக வேண்டும்.

"கடைசியாப் பாடினதைக் குடு" என்றான் பாஹிம். "தட்டுறதை மட்டும் வெட்டித் தந்தா மிக்சரை மறந்துருவியா?"

"வெட்டு, பாப்போம்."

போனில் இருந்த பாட்டு லெப்டொப்புக்குப் போனது. திரையில் பச்சைக் கோடு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டு கிடந்தது. பாஹிம் அதைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். பிறகு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"மச்சான், இதைப் பாரு. தட்டுறதுக்கு முந்தி கோட்டு மேல புல்லு மொளச்ச மாதிரி இருக்கு. தட்டின பொறகு மழமழன்னு ஆயிருச்சு."

"அதுக்கு?"

"புல்லுன்னா சத்தம். செவுத்தைத் தட்டினா சத்தம் கூடணும். எப்படிடா கொறையும்?"

அந்த இடத்தை மட்டும் பிடித்து, சத்தத்தை ஏற்றி ஓடவிட்டான்.

யார் வீட்டு டிவியிலோ ஒரு மாமியார் மருமகளை வைதாள். ஒரு குழந்தை அழுதது. வாளி ஒன்று உருண்டது.

"எங்கேருந்துடா வருது இதெல்லாம்?"

"ஒங்க லயத்துல இருந்துதான். தங்கம்னு சொன்னியே."

டொக், டொக், டொக்.

அதன் பின்னால், கொஞ்சம் தள்ளி, இன்னொரு டொக், டொக், டொக். அதற்கும் தள்ளி இன்னொன்று. தேய்ந்து தேய்ந்து, காம்பராவுக்குக் காம்பரா அது போய்க்கொண்டே இருந்தது. மாமியார் பாதி வசையில் நின்றாள். வாளி நின்றது. அழுத குழந்தையை யாரோ வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒருத்திக்கு வலி கண்டாலும், கூரைக்குள் பாம்பு வந்தாலும் லயத்தில் செய்தி செவுத்து வழியாகத்தான் போகும். தன் காம்பராவில் கேட்டதும் அடுத்த செவுத்தைத் தட்ட வேண்டும். விஜிதரனே எத்தனை தடவை தட்டியிருக்கிறான்.

"அவ தட்டினது என் செவுத்தை இல்லடா" என்றான்.

"அந்தப் பக்கத்துச் செவுத்தை" என்றான் பாஹிம்.



"பாட்டுக்கு முந்தியும் புல்லு இருக்கு" என்று பாஹிம் கோட்டைப் பின்னால் இழுத்தான்.

"அது வேணாம், விடு" என்றான் விஜிதரன் அவசரமாக. அதற்குள் அவன் குரலே கடை முழுக்கக் கத்தியது.

'யக்கோவ், இன்னைக்கும் தட்டின, கையை ஒடச்சிப்புடுவேன்.'

பாஹிம் திரும்பி அவனைப் பார்த்தான். விஜிதரன் தரையைப் பார்த்தான்.

கத்தல் ஓய்ந்த இடத்தில், செவுத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவிலிருக்கிற சந்து வழியாக ராசம்மாக்காவின் மகள் பிரேமினி கிசுகிசுத்தாள். 'ஒன் கையைத்தான் ஒடைக்கிறேங்கிறான். இன்னமும் எதுக்கும்மா அவனுக்காகத் தட்டுற?'

'திட்டுறதை நாளைக்கும் கேட்டுக்கலாம்டி. வெள்ளிக்கெழமை அவன் பாட்டு போகணும். நவுரு, ஆரம்பிச்சிரப் போறான்.'