சும்மா சொன்ன நண்டு

மேற்கே இருந்து வந்த பெருச்சாளிக்கு, கடற்கரை ஊரில் ஒரு மனை வாங்கி வளை தோண்டிக் குடியேற ஆசை. ஆனால் அது யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. தரகர் கொக்கு காட்டிய மனையில் நாலு எல்லைக்கல்லையும் ஆட்டிப் பார்த்தது. பத்திரத்தின் ஓரத்தைக் கடித்து, பழைய காகிதம்தானா என்று மென்று பார்த்தது. எல்லாமே சரியாக இருந்ததே அதற்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

கொக்கு மீன் பார்க்கப் போன சமயம், பக்கத்து வளையிலிருந்து நண்டு தலையை நீட்டியது.

"அண்ணாச்சி, இது வேண்டாம். ஐப்பசியில கடல் இதுவரைக்கும் ஏறி வரும். நானே மேட்டுக்குப் போகப்போறேன்."

பெருச்சாளி மீசையைத் தடவி யோசித்தது. கொக்கு பேசுவது கமிஷனுக்காக. அது தெரிந்த கதை. இந்த நண்டுக்கு என்ன லாபம்? ஒன்றும் கேட்காமல் ஒருத்தன் நல்லது சொல்வானா? அப்படியென்றால் இந்த மனைமேல் இவனுக்கே ஒரு கண்!

அன்று மாலையே கிரயம் முடிந்தது.

ஐப்பசியில் கடல் ஏறி வந்தது. பெருச்சாளி எல்லைக்கல்லின் மேல் தொற்றிக்கொண்டு நின்றது. வயிறுவரைக்கும் தண்ணீர். மேட்டிலிருந்த புது வளை வாசலில் நின்று நண்டு கத்தியது:

"அண்ணாச்சி, இங்கே இடம் இருக்கு, சீக்கிரம் வாங்க!"

பெருச்சாளி அசையவில்லை.

"ஓஹோ, நான் அந்தப் பக்கம் போனதும் மனையை வளைச்சுப் போடப் பார்க்கிறான்" என்று முணுமுணுத்துக்கொண்டே கல்லை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.