தம்பிதுரையின் பெருந்தன்மை

மகனைக் கொன்ற கைகள் என்று ஊரார் பழித்த அந்தக் கைகளிலேயே தம்பிதுரை தம் மோட்டார் சைக்கிளை ஒப்படைத்தார். "கார்புரேட்டர் அடைக்குது திருமூர்த்தி. வாங்கறவரு வர்ற நேரமாச்சு, சுத்தம் பண்ணிக் குடு" என்றார்.

அஃது இத்தாலி நாட்டு வண்டி. ஆலையில் இயந்திரம் பொருத்த வந்த இத்தாலியர் ஒருவர், 1958-ஆம் ஆண்டு தாயகம் திரும்பியபோது, ஃபிட்டராக இருந்த தம்பிதுரைக்கு அதனைக் கொடுத்துச் சென்றார். அறுபத்தெட்டு வயதாகியும் வேறு வண்டி வாங்க அவர் எண்ணியதே இல்லை.

உதிரிப் பாகம் ஒன்றும் கிடைக்காத அவ்வண்டியை ஓடச் செய்துகொண்டிருந்தவன் சிங்காநல்லூர் மெக்கானிக் திருமூர்த்தி. பிஸ்டன் வளையங்களைக் கணபதிப் பகுதியில் இருந்த ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினான்; கேஸ்கட்டைத் தானே அட்டையில் வெட்டினான். முழங்கால் தேய்ந்து தம்பிதுரையால் கிக்கரை உதைக்க இயலாமற் போனபின், காலைதோறும் வந்து உதைத்துக் கொடுத்தவனும் அவனே.

சென்ற தை மாதத்தில் அந்த இடி விழுந்தது. தம்பிதுரையின் ஒரே மகன் கிருபாசங்கர் நூறு சிசி வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தான். தந்தையும் மகனும் அதில் காங்கேயம் சென்றபோது, வளைவில் திரும்பிய தேங்காய் லாரியின் மீது வண்டி நிற்காமல் மோதியது. ஓடி வந்தவர்கள் கண்டபோது இருவரும் சாலையோரத்தில் கிடந்தனர். மகன் மாண்டான், தந்தை தோள் எலும்பு முறிந்து பிழைத்தார்.

அதற்கு முதல் நாள்தான் திருமூர்த்தி அப்புது வண்டியின் பின் பிரேக்கை முறுக்கிக் கொடுத்திருந்தான். அச்செய்தி பரவியபின் அவனது பட்டறையில் ஒருவரும் கால் வைக்கவில்லை. தம்பிதுரை மட்டும் தவறாமல் வந்தார். "உம்மேல எனக்குக் கோவமில்ல கண்ணு" என்று ஒவ்வொரு முறையும் கூறினார். எத்தகைய பெருந்தன்மை என்று ஊரார் வியந்தனர்.

ஒரேயொரு வாடிக்கையாளரை நம்பிப் பட்டறை எத்தனை நாள் நடக்கும்? அன்றோடு அதனை மூடிவிட்டு, மறுநாள் அரிசி ஆலை ஒன்றில் காவலாளாகச் சேர இருந்தான் திருமூர்த்தி. அவனின்றித் தம் வண்டியைப் பேண இயலாது என்றே தம்பிதுரையும் அதனை விற்க இசைந்திருந்தார்.

கோபிசெட்டிபாளையத்துச் சுரேந்தர் வந்து சேர்ந்தார். வண்டியை இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார். "ஏனுங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாங்களா?"

"தாராளமாங்க. பிரேக்கு இடது காலுங்க, கியருதான் வலது காலு. இப்பத்த வண்டிகளுக்கு நேர் எதிருங்க, பார்த்துக்கோங்க" என்றான் திருமூர்த்தி.

"அதெல்லாம் தெரியுமுங்க."

தெருமுனை வரை செம்மையாகவே சென்றார். திரும்பி வருகையில் ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. சுரேந்தர் வலது காலால் ஓங்கி மிதித்தார். வண்டி நிற்கவில்லை, உறுமிக்கொண்டு சுவரை நோக்கிப் பாய்ந்தது. முன் பிரேக்கை இறுகப் பிடித்ததனால் ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்களே! கியரைப் போயி மிதிக்கறீங்க. உங்க காலு உங்க பேச்சையே கேக்காதுங்களா?"

"பத்து வருசம் பழகுன காலுங்க. பயந்துபோட்டா நம்மளை எங்கீங்க அது கேக்குது!"

இருவரும் சிரித்தனர். தம்பிதுரை சிரிக்கவில்லை. வாயிலில் கிடந்த பழைய டயரின்மீது மெல்ல அமர்ந்தார்.

வண்டி பிடித்துப்போயிற்று என்று கூறி, ஏற்றிச் செல்ல டெம்போ அழைத்து வரச் சென்றார் சுரேந்தர். திருமூர்த்தி தன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகச் சாக்குப் பையில் இட்டான்.

"நான் போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேனுங்க அய்யா. தப்பு எம்மேல இல்லைன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. கோவமில்லை, கோவமில்லைன்னே சொல்றீங்க. அதைக் கேட்டாத்தானுங்க தப்பு எம்மேலதான்னு எனக்குத் தோணுது."

தம்பிதுரை வண்டியின் இடப்பக்கத்துப் பிரேக்கையே பார்த்திருந்தார்.

"அந்தப் பிரேக்கு நட்டை முறுக்குனனா இல்லையான்னு மொதல்ல சந்தேகமா இருந்துச்சுங்க. இப்பச் சந்தேகமே இல்லை. முறுக்காமத்தான் உட்டுப்போட்டேன். நேத்து உங்க ஊட்டுக்குப் போயி அம்மா கால்ல உழுந்து சொல்லிப்போட்டேனுங்க, உங்க பையனைக் கொன்னது நாந்தான்னு. அவங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. இனி ஸ்பேனரைத் தொட மாட்டேனுங்க."

சாக்குப் பையின் வாயைக் கட்டிவிட்டு அவன் தோளில் ஏற்றினான். தெருமுனையில் டெம்போவின் ஒலி கேட்டது. தம்பிதுரை எழுந்து அந்தச் சாக்குப் பையைப் பற்றினார்.

"அன்னைக்கு வண்டிய ஓட்டுனது பையன் இல்ல கண்ணு, நான்."