பருத்திப்பட்டு ஏரிக்கு வந்த நான்காவது ஜீப்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை வெயில் பளபளக்கிறது. ஒரே ஏரியை ஆராயத் தனித்தனியாக மத்திய நிதி வாங்கிய மூன்று துறைக்காரர்கள், ஒரே இடத்தில் குனிந்து தண்ணீர் முகக்கிறார்கள். அடுத்தவர் பார்த்துவிடாதபடி அவரவர் பாட்டிலைக் கையால் மறைத்துக்கொள்கிறார்கள். இவர்கள் முகந்ததில் ஏரி இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது; நானே குச்சி நட்டு அளந்தேன். மூவரையும் ஒருங்கிணைக்க நான்காவது ஜீப்பில் வந்த அதிகாரி, மூவரையும் நம்பாமல் தானும் ஒரு பாட்டிலை முக்குகிறார். ஆய்வு முடியும்வரை மீன்பிடிக்கத் தடை. மீன்காரன் அப்பாவுவின் வலை ஆறு மாதமாக வேலியில் காய்கிறது.

"மீனு நல்லாகீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு சார்" என்கிறான் அப்பாவு. நால்வரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். தானாகவே கரைக்குத் துள்ளி வந்ததாக அவன் சத்தியம் செய்யும் ஒரு ஜிலேபி மீனைப் பொரித்து, இலையில் வைத்து நீட்டுகிறான்.

"துன்னு பாத்து எய்து சார்."

நால்வரும் ஓரடி பின்வாங்குகிறார்கள்.

"இன்னா சார் பயம்? தோ, நானே துன்றேன் பாரு!"

ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போடுகிறான். நான்கு பேனாக்களும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. நான்கு ஜோடிக் கண்களும் அவன் தொண்டையிலேயே நிற்கின்றன. அப்பாவு மெல்லுவதை நிறுத்திவிட்டு, இலையில் மிச்சமிருக்கும் மீனைச் சந்தேகமாகப் பார்க்கிறான்.