நனைந்த கோழிகளின் முதல் கேசட்

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திருடன் அகப்படாவிட்டால் க்ளியோத்தாவுக்கு வேலை இல்லை. வீடியோ கடை முதலாளி மெம்ஃபிஸிலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

திருடு போனது ஒரே ஒரு கேசட். ஆனால் அது 'நனைந்த கோழிகள்' குழுவின் கேசட். அழவைக்கவேண்டிய ப்ளூஸ் பாட்டைப் பாடி மிசிசிப்பி டெல்டா முழுவதையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த நான்கு பேர் அவர்கள். மனைவி ஃபிரிட்ஜோடு ஓடிப்போன துக்கத்தை அவர்கள் பாட ஆரம்பித்தால் துக்க வீட்டுக்காரர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுடைய மேடை நிகழ்ச்சி முதல்முறையாக வீடியோவாக வருகிறது. வெளியீடு திங்கட்கிழமை. அதற்கு முன் கடைக்காரர்கள் உட்பட யாரும் போட்டுப் பார்க்கக் கூடாதென்று ஒப்பந்தம்.

பெட்டியில் வந்தது இருபத்துநான்கு. புதன்கிழமை மதியம் க்ளியோத்தா எண்ணியபோது இருபத்துமூன்றுதான் இருந்தது. புகார் கொடுக்க அவள் எங்கும் ஓடவேண்டியிருக்கவில்லை. போலீஸ்காரர் ஹோசியா அப்போது கடையில்தான் இருந்தார், வாடகைப் படத்தைத் திருப்பித் தருவதற்காக.

"ரெண்டு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு மறுபடியும் மீன் உரிக்கிற கம்பெனிக்கு என்னால போக முடியாது ஆபீசர்" என்றாள் க்ளியோத்தா. "எங்கிட்ட ஒரு யோசனை இருக்கு. கூட நின்னாப் போதும்."

அன்று மதியம் கடைக்குள் வந்துபோன ரசிகர்கள் மூன்று பேர். சனிக்கிழமை மூவரையும் கடைக்குக் கூப்பிட்டாள். பொரித்த கெளுத்தி மீனும் இனிப்பு டீயும் வைத்தாள். ஹோசியா கதவருகே நின்றுகொண்டார்.

"குழுவுல இருந்து சில பேருக்கு மட்டும் கேசட்டைத் தபால்ல அனுப்பியிருக்காங்களாம். பார்த்தவங்க எப்படி இருக்குன்னு சொல்லுங்க, எழுதி அனுப்பணும்."

அப்படி யாருக்கும் அனுப்பவில்லை. 'பார்த்தேன்' என்று எவர் சொல்கிறாரோ அவரே திருடன்.

முடிதிருத்தும் டெல்மர் வாயிலிருந்த மீனை அவசரமாக விழுங்கினார். "ரெண்டு தடவை பார்த்துட்டேன். பாட்டுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா படம் எடுத்தவன் வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருப்பான் போல. முழுக்க டிரம்காரன் முதுகையே காட்டுறான்."

க்ளியோத்தா ஹோசியாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அதற்குள் எதிர்ப்பக்கமிருந்து ஒரு செருமல்.

"ரெண்டே தடவையா? நான் நாலு தடவை பார்த்தேன்" என்றார் சர்ச்சில் ஆட்களை உட்காரவைக்கும் சிஸ்டர் எர்லீன். "முதுகு எங்க வந்துச்சு? முகந்தான் தெரியுது, பல்லு வலிக்காரன் மாதிரி. எனக்கு ஒரே வருத்தம், சவப்பெட்டிப் பாட்டுக்குப் பாஸ்டர் வேஷம் போட்டிருக்கக் கூடாது."

பள்ளிப் பேருந்து ஓட்டும் மோஸ்லி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கழுதை மேடை ஏறுற இடத்துல நான் அழுதே போயிட்டேன்."

"கழுதையா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

டெல்மர் டீயை ஒரு மிடறு குடித்தார்.

"ஆமா, அந்தக் கழுதை" என்றார் டெல்மர். "அதச் சொல்ல மறந்துட்டேன் பாரு. என்ன நடிப்பு."

"நாலு தடவையும் அது வர்ற இடத்துல எனக்குச் சிரிப்புத் தாங்கல" என்றார் சிஸ்டர் எர்லீன்.

காணாமல் போனது ஒரு கேசட். பார்த்தவர்கள் மூன்று பேர். க்ளியோத்தாவுக்குத் தலை சுற்றியது.

"கூட்டுக் களவு" என்றார் ஹோசியா. "மாத்தி மாத்திப் பார்த்திருக்காங்க." சொன்ன கையோடு டெல்மரின் மணிக்கட்டில் விலங்கைப் பூட்டினார்.

விஷயம் புரிந்ததும் மூவரின் முகமும் வெளிறியது.

"சத்தியமா நான் பார்க்கல" என்றார் டெல்மர். "பத்து வருஷமா ஒரு ஷோ விட்டதில்ல நான். மத்தவங்களுக்கெல்லாம் வந்து எனக்கு மட்டும் வரலன்னு எப்படிச் சொல்றது?"

"நானும் பார்க்கல" என்றார் சிஸ்டர் எர்லீன். "கர்த்தர் என்னை மன்னிக்கணும்."

"கழுதை நானாச் சேர்த்தது" என்றார் மோஸ்லி மெல்ல.

"மாட்டிக்கிட்டவன் எல்லாரும் பாடுற பாட்டுத்தான் இது" என்றார் ஹோசியா. "கிளம்புங்க ஸ்டேஷனுக்கு."

க்ளியோத்தா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால். தெரிந்தே தப்பான ஆளை அனுப்பிவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"ஒப்பந்தம் போனாப் போகட்டும். போட்டுப் பார்த்துருவோம். இவங்க சொன்னதுல ஒண்ணாவது அதுல இருந்தா ஸ்டேஷன். இல்லேன்னா வீட்டுக்கு."

"எதுக்கு வீண் வேலை" என்று ஹோசியா முனகினார். அவள் கேட்கவில்லை. ஒரு கேசட்டின் உறையைக் கிழித்து, கடை டிவிக்குக் கீழிருந்த பிளேயருக்குள் தள்ளினாள்.

திரையில் மேடை வரவில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மனிதர் பன்றிக்குட்டியைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, குடல்புழு மருந்தை எப்படிப் புகட்டுவது என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். கேசட் பதிவு செய்த இடத்தில் பெட்டியோடு மாறிப்போயிருந்தது.

முதுகும் இல்லை, பாஸ்டரும் இல்லை, கழுதையும் இல்லை.

"விலங்கைக் கழட்டுங்க ஆபீசர்" என்றாள் க்ளியோத்தா. "இவங்க யாரும் பார்க்கல."

ஹோசியா திரையின் பக்கம் திரும்பாமல் சட்டைப் பைகளில் சாவியைத் துழாவினார். மோஸ்லிக்கு இன்னும் நம்பிக்கை விடவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது முடிஞ்சப்புறம் பாட்டு வருமோ என்னவோ."

"வராது மோஸ்லி" என்றார் ஹோசியா, சாவியைத் தேடிய சலிப்பில். "கடைசி வரைக்கும் பன்னிதான்."